பெண் நாய்க்குப் பழைய காலத்துப் பேர்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் தெருவில் விடப்படும் பெட்டைக் குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. குட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இப்போதெல்லாம் "நல்ல பழைய பேரா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பேர் வைத்த பிறகு வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று திரும்பவும் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே கீழே இருக்கின்றன.

ஆச்சி, பெட்டைக் குட்டிக்குப் பழைய பேருன்னா எந்த மாதிரி? சும்மா நாலு சொல்லுங்களேன்.

கருப்பி, வெள்ளச்சி, செவலை, மயிலை, காரி, புள்ளி, வீரி, சிட்டு, மல்லி, பொன்னி, சோழி, கவுனி, வைரவி. இவற்றில் முதல் பாதி ஐயாமார் காலத்தில் தோட்டத்திலும் தொழுவத்திலும் வழங்கியவை. மற்றவை பூ, ஆறு, விளையாட்டு, தானியம் என்று வீட்டைச் சுற்றி இருந்தவற்றின் பேர்கள். சோழி பல்லாங்குழிப் பலகையோடு வந்தது. சின்ன வெள்ளைக் குட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியாது.

சிலர் பழைய பேர் என்றதும் உமையாள், தெய்வானை, விசாலாட்சி, நாச்சம்மை என்று ஆச்சிமார் பேரைத்தான் நினைக்கிறார்கள். கேட்க இனிமையான பேர்கள்தான். ஆனால் நம் ஊரில் அவை இன்னும் ஆட்களுக்குச் சொந்தமானவை. என்னிடம் வந்த மனத்தாங்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்கியது. கீழே அதை விரிவாகச் சொல்கிறேன்.

நிறத்தை வச்சுப் பேரு வைக்கிறது ரொம்பச் சாதாரணமா இருக்காதா?

இருக்காது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் நின்று பாருங்கள். எந்த மாடு வருகிறது என்று சொல்ல அங்கே நிறம் ஒன்றே போதும். கருமாடு காரி, சாம்பல் ஓடிய வெள்ளை மயிலை, செம்மண் நிறம் செவலை, திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்தது மறை. விலங்கைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்கள் உண்டாக்கிய சொற்கள் இவை. மாட்டுக்கு வைத்ததை நாய்க்கும் வைத்தார்கள். சாம்பல் நிறப் பெட்டைக்கு மயிலை என்று பேர் வைத்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் நிச்சயம் நின்று குட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குட்டியின் நிறம் மாறும். பிறந்த சில வாரங்களில் சாம்பலாகத் தெரிகிற மயிர் உதிர்ந்து, 3, 4 மாதத்தில் அடியிலிருந்து செம்மண் நிறம் ஏறிவிடுவது நாட்டு நாய்களில் சகஜம். நிறத்தை நம்பிப் பேர் வைப்பதாக இருந்தால் மூக்கின் மேலும் காதின் பின்புறமும் புதிதாக முளைக்கும் மயிரைப் பாருங்கள். வளர்ந்த நாயின் நிறம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

கறுப்புக் குட்டிக்குக் கவுனி என்று நான் சொல்வதற்கும் நிறம்தான் காரணம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களோடு இங்கே வந்து, கல்யாண விருந்தில் தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து இலைக்கு வருகிற அரிசி அது. பார்க்கக் கறுப்பு, ஊறவைத்த தண்ணீரோ கருஞ்சிவப்பு. கறுப்புக் குட்டியைக் காலை வெயிலில் முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து, காது மடலை வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். அதே கருஞ்சிவப்பு ஓரத்தில் தெரியும்.

குட்டி நல்ல செவப்பு. சிகப்பின்னு வச்சிட்டோம். பக்கத்து வீட்டு ஆச்சி பேசவே மாட்டேங்கிறாக. ஏன்?

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீடுகளில் சிகப்பி என்பது ஒரு பெண்ணுக்கு ஆசையாக வைக்கிற பேர். வெளியூர்க்காரர்களுக்கு அது நிறப்பேராக மட்டும் தெரியும். இங்கே எத்தனையோ ஆச்சிமாருக்கு அதுதான் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பேர். அந்த ஆச்சி பேரே சிகப்பியாக இருக்கலாம், அவர் அப்பத்தா பேராக இருக்கலாம். சாயங்காலம் நீங்கள் வாசலில் நின்று "ஏய் சிகப்பி, இங்க வாடி" என்று கத்துவது அவர் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

நேரில் போய், தெரியாமல் வைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுச் செவலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிறம் அதேதான். செவலை விலங்குக்கு மட்டுமே வழங்குகிற சொல் என்பதால் யார் மனசும் புண்படாது. இதே போல வெள்ளையம்மை ஆளுக்கு, வெள்ளச்சி நாய்க்கு. கருப்பாயி ஆளுக்கு, கருப்பி நாய்க்கு. பேரை எப்படி மாற்றுவது என்பது கீழே இருக்கிறது.

எங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. முகப்புல நின்னு கூப்பிட்டா பின்கட்டுல கேக்கணும். எந்தப் பேரு நல்லா எடுக்கும்?

இரண்டு, மூன்று எழுத்துப் பேராக, ஈகார ஓசையில் முடிவதாக இருந்தால் நல்லது. வீரீ, பொன்னீ, மல்லீ என்று நீட்டிக் கூப்பிடலாம். நாய்க்கு நம்மைவிட மிக உயர்ந்த ஓசை கேட்கும். நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வு எல்லை என்றால் அதற்கு ஏறக்குறைய 45,000 வரை எட்டும். உச்சத்தில் நீளுகிற ஓசைக்குக் குட்டிகள் சட்டென்று திரும்புவதை நீங்களே பார்க்கலாம். தெய்வானை, விசாலாட்சி போன்ற பேர்களைப் பட்டாலைக் கூடத்திலிருந்து கத்திச் சொன்னால் தூணுக்குத் தூண் எதிரொலித்துக் கலங்கிவிடும். கடைசியில் எல்லோரும் தெய்வா, சாலா என்று சுருக்கிவிடுவார்கள். நாய் கேட்டுப் பழகுவது அந்தச் சுருக்கப் பேரைத்தான்.

தினமும் நாயிடம் சொல்லும் சொற்களோடு பேர் மோதக் கூடாது. விரட்டச் சொல்லும் "சூ", துரத்தச் சொல்லும் "போ", கூப்பிடும் "தோ தோ" இந்த மூன்றையும் மனசில் வையுங்கள். சூ என்று தொடங்கும் பேர் வேண்டாம். பொன்னி என்று வைத்தால் துரத்த "போ" சொல்வதை விட்டு "வெளியே" என்று பழக்குங்கள். வீட்டில் மீனா என்று பிள்ளை இருந்தால் நாய்க்கு மீனி வேண்டாம், இரண்டு பேரும் ஓடி வருவார்கள்.

பழக்குகிற நாட்களில் ஆத்தங்குடிக் கல் தரையில் தூரத்தில் நின்று கூப்பிடாதீர்கள். அது வழவழவென்று இருக்கும். ஆசையில் ஓடி வருகிற குட்டிக்குப் பின்னங்கால் விரிந்து வழுக்கும். வாசல் மண்ணிலோ பாய் விரித்த இடத்திலோ கூப்பிட்டுப் பழக்குங்கள்.

ஜூலி, ரோஸி, ஜிம்மியும் பழைய பேருதானே?

ஆமாம். எங்கள் சின்ன வயதில் தெருவுக்கு ஒரு ஜிம்மி இருந்தது. அந்தப் பேரில் ஒரு நாயைக் கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது தாராளமாகப் பழைய பேர்தான். அக்கம்பக்கத்தில் ரோஸி என்று மனிதர் யாரும் இல்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க அப்பத்தா மேல எனக்கு உசிரு. அவக போன பிறகு அவக பேரையே நாய்க்கு வைக்கலாம்னு இருக்கேன். பாசம்தானே?

பாசம்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் பக்கம் பாட்டி பேர் பேத்திக்கு, ஐயா பேர் பேரனுக்கு என்று போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் விசாலாட்சி என்ற பேர் ஒருத்தியோடு முடிவதில்லை. உங்கள் அண்ணன் மகளுக்கோ தம்பி மகளுக்கோ அந்தப் பேர் காத்திருக்கலாம். நாளைக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் வாசலில் கிடக்கும் நாயும் ஒரே பேரில் இருந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் அழும்.

அதைவிடப் பெரிய காரணம் படைப்பு. வீட்டில் வாழ்ந்து போன பெண்களை நினைத்துச் சேலை வைத்துச் சமைத்துப் படைக்கும் நாளில், பங்காளிகள் எல்லாம் கூடியிருக்க, அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிக் கும்பிடுகிறோம். அப்படிக் கும்பிடுகிற பேரைத் தினமும் "அதைக் கடிக்காதே, இங்கே வா" என்று சொல்லிக்கொண்டிருக்க உங்களாலேயே முடியாது.

அப்பத்தாவை நினைவுபடுத்தும் வேறொன்றை எடுங்கள். அவர் கையில் எப்போதும் இருந்த பொருள், கொல்லையில் அவர் வளர்த்த பூ, பிரியமாகச் செய்த பலகாரம். மகிழம்பூப் புட்டு சுட்டுத் தந்தவர் என்றால் மகிழம் என்று வைக்கலாம். குடும்பத்தில் எல்லோருக்கும் யார் நினைவு என்று தெரியும், பேரும் யாருக்கும் இடையூறில்லை.

அப்பத்தா உசிரோட இருக்காக. அவகளே "எம்பேரை வையி"ன்னு சொல்றாக. அப்பவுமா கூடாது?

இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. அவர் ஒருவர் சம்மதித்தால் போதாது என்பது என் கருத்து. அவர் பேரைத் தாங்கிய பேத்திகள் இருந்தால் அவர்களையும் கேட்க வேண்டும். மருமகள்களையும் கேட்க வேண்டும். மாமியார் பேரை வாயால் சொல்லாமலே வாழ்ந்த பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அதே பேர் தன் பிள்ளைக்கு வந்தபோதும் வேறு ஒரு செல்லப் பேர் வைத்துக் கூப்பிட்டவர்கள் அவர்கள். அவர்கள் அந்த நாயை எப்படிக் கூப்பிடுவார்கள்?

அப்பத்தாவை ஒரு பேர் சொல்லச் சொல்லுங்கள். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டில் நின்ற நாய்க்கோ பசுவுக்கோ என்ன பேர் என்று கேளுங்கள். என்னிடம் இந்தக் கேள்வி கேட்ட பல வீடுகளில் நான் நினைத்தே பார்க்காத பேர்கள் இப்படித்தான் வெளியே வந்தன.

சாமி பேரு வைக்கலாமா? கண்ணாத்தான்னு ஆசையா இருக்கு.

கண்ணாத்தாள் நாட்டரசன்கோட்டையில் கோயில் கொண்டிருக்கிற அம்மன். கொப்புடையாள் காரைக்குடிக்கே தாய். அந்தப் பேர்களைச் சொல்லி நேர்ந்துகொள்கிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அந்தப் பேரில் நாயை அதட்டினால் அவர்கள் மனம் சுளிக்கும். அதே பேரில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதால் மேலே சிகப்பிக்குச் சொன்னதும் இதற்குப் பொருந்தும்.

வைரவி மட்டும் எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. வைரவருக்கு வாகனமே நாய்தான். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டிக்குப் போனாலும், திருப்பத்தூரில் யோக பைரவர் சன்னிதிக்குப் போனாலும், தேய்பிறை அஷ்டமியன்று கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நாய்க்குச் சோறு வைக்கிறவர்களைப் பார்க்கலாம். அவர் பேரை ஒட்டி நாய்க்குப் பேர் வைப்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. உங்கள் வீட்டில் வைரவன் என்று பெரியவர் இருந்தால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்காயி, பேச்சி மாதிரி கிராமத்துப் பேரா வச்சா கூப்பிடச் சிரிப்பா இருக்கும்ல?

தயவு செய்து வேண்டாம். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது? உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், வயலில் நாற்று நட்டவர், பிரசவம் பார்த்தவர் பேர்கள் அவை. பேச்சி, மூக்காயி, மாரி என்ற பேரில் இன்றும் உழைத்துச் சாப்பிடுகிற பெண்கள் உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். ஆச்சிமார் பேரை நாய்க்கு வைக்கக் கூடாது என்று ஒத்துக்கொள்கிற ஆட்களே இந்தப் பேர்களை வேடிக்கையாக நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே மரியாதைதான்.

பேர் வைக்கும்போது வருகிற சிரிப்பு குட்டியைப் பார்த்து வந்ததாக இருக்கட்டும். துறுதுறுவென்று ஓடினால் சிட்டு. எலியைப் பார்த்தால் பாய்கிறதா, வீரி.

சங்கத் தமிழ்ல நாய்க்கு ஏதாச்சும் பேரு உண்டா? ரொம்பப் பழசா வேணும்.

நாயைச் சங்கப் பாட்டு ஞமலி என்கிறது. ஞாளி என்றும் சொல்லும். தொல்காப்பிய மரபியலில் பெட்டை நாய்க்குப் பிணவு என்ற பேரும், நாய்க்குட்டிக்குக் குருளை என்ற பேரும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஞமலி, ஞாளி இரண்டுமே ஈகார ஓசையில் முடிவதால் கூப்பிட எடுக்கும். ஞகரம் வராத பிள்ளைகள் நமலி என்பார்கள், நாய் அதற்கும் வரும். பிணவு என்று கூப்பிட்டால் கேட்பவர் காதில் பிணம் என்று விழும், அது வேண்டாம்.

இன்னும் பழையது கேட்டால் சரமா. ரிக் வேதத்தில் பணிகள் என்ற கூட்டத்தார் ஒளித்து வைத்த பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்த, இந்திரனுடைய பெட்டை நாய். மகாபாரத ஆதிபர்வத்தில், வேள்வி நடந்த இடத்துக்கு வந்த தன் குட்டியைக் ஜனமேஜய மன்னனின் தம்பிகள் காரணமில்லாமல் அடித்ததற்காக அவனிடமே நேரே போய் நியாயம் கேட்கிறாள். பதில் வராததால் சாபமும் கொடுக்கிறாள். ஒரு பெட்டை நாயின் பேரை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். கூப்பிடும்போது கடைசி "மா"வை நீட்டுங்கள்.

ரெண்டு மாசமா பப்பின்னு கூப்பிட்டுப் பழகிடுச்சு. இனிமே மாத்த முடியுமா?

முடியும். வளர்ந்த நாய்க்கே முடியும். கொஞ்ச நாளைக்குப் புதுப் பேரை முதலிலும் பழைய பேரைப் பின்னாலும் சேர்த்துச் சொல்லுங்கள்: "மயிலை பப்பி". திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு இட்லியோ வேகவைத்த முட்டையோ கொடுங்கள். புதுப் பேருக்கே தலை திரும்புகிறது என்றதும் பழையதை விட்டுவிடலாம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பேர் சொன்னால் எதற்கும் திரும்பாது.

திட்டும்போது பேரைச் சொல்லாதீர்கள், இது முக்கியம். செருப்பைக் கடித்ததற்கும் பேர், சோற்றுக்கும் பேர் என்றால் குட்டி குழம்பும். பேரைக் கேட்டால் நல்லது நடக்கும் என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பியே பாக்கல. வெள்ளை ராஜபாளையம் குட்டி. பேரு பிடிக்கலையோ?

முதலில் காதைப் பாருங்கள். சுத்த வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. உடம்பில் நிறமி இல்லாமை உள்காதையும் பாதிப்பதுதான் காரணம். ராஜபாளையம் இனத்தில் இது தெரிந்த விஷயம். குட்டிக்குக் காது திறப்பதே பிறந்து இரண்டு வாரம் கழித்துத்தான், அதற்கு முன்னால் எதையும் முடிவு செய்யக் கூடாது. அதற்கு மேற்பட்ட குட்டி என்றால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, காற்று மேலே படக் கூடாது. இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் செய்தும் காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவிடாக இருந்தாலும் பேர் வையுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே கையால் ஒரு சைகை காட்டிப் பழக்கினால் அந்தச் சைகையே அதற்குப் பேர். அந்த நாயைக் கயிறில்லாமல் தெருவில் விடாதீர்கள், வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது.

வெளியில கட்டிப் போடுற பொட்டை நாய்க்கு எதுக்குப் பேரெல்லாம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் பெட்டையைக் கோணியில் கட்டிக் கண்மாய்க் கரையில் விடுகிறார்கள். சினைக்கு வரும், குட்டி போடும், தொல்லை என்கிறார்கள். பெட்டை நாய் ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவதும், 63 நாள் சினையில் குட்டி போடுவதும் உண்மைதான். கருத்தடை அறுவை செய்துவிட்டால் அந்தக் கவலை அன்றோடு முடிந்தது. அதன் பிறகு காவலிலும் பாசத்திலும் பெட்டை எந்தக் கடுவனுக்கும் குறைந்ததில்லை.

பேர் வைத்த நாயை யாரும் லேசில் விட்டுவிடுவதில்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "அந்த நாய் ரெண்டு நாளா வரல" என்பவர் தேடமாட்டார். "வெள்ளச்சியைக் காணோம்" என்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால்தான் குட்டியை ஒப்படைக்கும் அன்றே, வாங்குகிறவர் வாயால் ஒரு பேரைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் நான் கொடுக்கிறேன்.

எங்க பழைய செவலை போன மாசம் செத்துப் போச்சு. இப்ப வந்த குட்டிக்கும் அதே பேரு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஒரு செவலை போய் அடுத்த செவலை வந்தது என்று ஒரே பேரை வழங்குகிற தோட்டங்கள் இங்கே உண்டு. மனிதருக்கே பாட்டி பேரைப் பேத்திக்கு வைக்கிற ஊரில் இதற்குத் தடையே கிடையாது. பழைய நாயோடு வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பேரை இன்னொன்றுக்குக் கொடுக்க மனசு வராது. அவர்கள் வேண்டாம் என்றால் வேறு பேர் பார்ப்போம், மேலே நிறைய இருக்கின்றன.

ஒரே பேர் என்றால் தடுப்பூசி அட்டையில் மட்டும் கவனம் வேண்டும். பழைய செவலையின் அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். புதுக் குட்டியின் அட்டையில் பேருக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் வருடமும் எழுதச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் தொடர்ந்து போட வேண்டும். இரண்டு அட்டையும் கலந்துபோனால் போடாத ஊசியைப் போட்டதாக நினைத்துவிடுவீர்கள்.